ஒன்பது வாரம், பதினான்கு கட்டில்

எங்கள் புளோக்கின் ஆறாம் மாடியில் இருக்கும் அக்கா, சென்ற வாரம் மின்தூக்கியில் என்னைப் பிடித்துக்கொண்டார். அவருடைய மூத்த மகனுக்குத் தேசிய சேவை, அதாவது சிங்கப்பூர் இளைஞர்களுக்கான கட்டாயப் படைச் சேவை, அழைப்புக் கடிதம் வந்துவிட்டது. அடுத்த மாதம் அவன் அடிப்படை ராணுவப் பயிற்சிக்குத் தெக்கோங் தீவுக்குப் போக வேண்டும். “தம்பி, நீங்களும் எங்களைப் போல ஊரிலிருந்து வந்த குடும்பந்தானே? அங்கே எப்படி இருக்கும்? இவன் சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவியதில்லை. சைவச் சாப்பாடு கிடைக்குமா? மற்றப் பிள்ளைகள் இவனைச் சேர்த்துக்கொள்வார்களா?” என்று ஒரே மூச்சில் கேட்டார். மின்தூக்கியின் கதவு மூடப் பார்த்து, அவருடைய பையில் இடித்து, மறுபடியும் திறந்துகொண்டிருந்தது. “கிடைக்கும் அக்கா, ஒன்றும் பயமில்லை” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். வீட்டு வாசலில் காலணியைக் கழற்றும்போதுதான், சாப்பாட்டைத் தவிர வேறு எதற்கும் நான் பதில் சொல்லவில்லை என்பது உறைத்தது. சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

நான் 1999இல், ஆறு வயதில், கும்பகோணத்திலிருந்து சிங்கப்பூருக்கு வந்தவன். அப்பா வேலைக்காக முன்னால் வந்திருந்தார். சில ஆண்டுகளில் குடும்பத்தோடு நிரந்தரவாசி ஆனோம். இங்குள்ள விதி இந்த விஷயத்தில் தெளிவானது. தம் வேலைத் தகுதியால் நிரந்தரவாசியாகும் முதல் தலைமுறையினருக்குத் தேசிய சேவை இல்லை. அவர்களுடைய ஆதரவில் நிரந்தரவாசியாகும் மகன் மட்டும், குடிமக்களின் மகன்களைப் போலவே இரண்டாண்டு முழுநேரச் சேவை செய்தாக வேண்டும். படிவத்தில் கையெழுத்திட்ட நாளில், பத்தாண்டு கழித்து வரப்போகும் ஒன்றைப் பற்றி அப்பா அதிகம் யோசித்திருக்க மாட்டார். எனக்குப் பதினாறு வயதானபோது யோசித்தார். நிரந்தரவாசத்தைத் துறந்துவிட்டுச் சேவை செய்யாமல் போனால், பிற்காலத்தில் இங்கே படிக்கவோ வேலை பார்க்கவோ விண்ணப்பிக்கும்போது அது குறுக்கே வந்து நிற்கும் என்பதை நண்பர்கள் பலரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். ஊரிலிருந்து மாமா தொலைபேசியில், “பிள்ளையைப் பட்டாளத்துக்கு அனுப்பவா அக்கா அங்கே போனீர்கள்?” என்று அம்மாவைக் கேட்டார். அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், என் வகுப்பில் எல்லோரும் போகிறார்கள், நான் மட்டும் எப்படிப் போகாமல் இருப்பது என்ற ஒன்றைத்தான் சொல்லியிருப்பேன்.

பெற்றோரின் இந்தத் தயக்கம் வெளியிலிருந்து வந்தவர்களுக்கு மட்டும் உரியதன்று என்பதைப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். 1954இல் பிரிட்டிஷ் ஆட்சி இளைஞர்களைக் கட்டாயச் சேவைக்குப் பதிவு செய்யச் சொன்னபோது, சீன உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் மே 13ஆம் தேதி தெருவில் இறங்கி எதிர்த்தார்கள். அது கலவரத்தில் முடிந்தது. ‘நல்ல பிள்ளை படைவீரனாக மாட்டான்’ என்ற எண்ணம் சீனக் குடும்பங்களில் வேரூன்றியிருந்த காலம் அது. தனி நாடான பிறகு, 1967இல், தற்காப்பு அமைச்சர் கோ கெங் சுவீ அதே திட்டத்தை மறுபடியும் கையில் எடுத்தார். அந்த ஆண்டு ஏறக்குறைய 9,000 இளைஞர்கள் பதிவு செய்தார்கள். அவர்களிலிருந்து சுமார் 900 பேர் ஆகஸ்ட் மாதத்தில் முழுநேரச் சேவைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டார்கள். ஆங்கிலமும் தெரியாமல் மாண்டரினும் சரியாக வராமல் ஹோக்கியன் என்ற சீனக் கிளைமொழி மட்டும் பேசியவர்களுக்கென்று தனிப் பிளாட்டூன், அதாவது சிறு படைப்பிரிவு, இருந்தது. மலாய் இளைஞர்கள் தொடக்கத்தில் சுமார் பத்தாண்டுக் காலம் பெரும்பாலும் அழைக்கப்படவே இல்லை. இன்று ‘எல்லா இனத்தவரும் தோளோடு தோள்’ என்று சுவரொட்டிகளில் பார்க்கும்போது, அது முதல் நாளிலிருந்தே அப்படி இருக்கவில்லை என்பதை நினைத்துக்கொள்வேன். அந்தக் காலத்தில் அழைப்புக்குக் காத்திருந்து, அழைப்பும் வராமல், முதலாளிகளும் வேலை தரத் தயங்கிய மலாய் இளைஞர்களின் கதை தனியாக எழுதப்பட வேண்டியது.

நான் போனது 2012ஆம் ஆண்டின் தொடக்கத்தில். தொடக்கக் கல்லூரித் தேர்வு முடிந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. பாசிர் ரிஸ்ஸிலிருந்து பேருந்தில் சாங்கியிலுள்ள படகுத்துறைக்குப் போய், அங்கிருந்து பெற்றோருடன் படகில் ஏறினோம். தெக்கோங் சிங்கப்பூரின் வடகிழக்கு மூலையில், மலேசியாவின் ஜொகூருக்கு எதிரே இருக்கும் தீவு. ஒரு காலத்தில் கிராமங்கள் இருந்த இடம். 1980களில் மக்களைப் பெருந்தீவுக்குக் குடியமர்த்திவிட்டு ராணுவம் முழுவதையும் எடுத்துக்கொண்டது. படகுப் பயணம் கால் மணி நேரத்துக்கும் குறைவு. அம்மாவோ விமானம் ஏற்றிவிட வந்தவர் போல என் சட்டைக் காலரைத் திரும்பத் திரும்பச் சரிசெய்துகொண்டிருந்தார்.

உறுதிமொழி எடுத்து, பெற்றோருடன் உணவுக்கூடத்தில் ஒரு வேளை சாப்பிட்டு, அவர்கள் படகுக்குத் திரும்பிய பிறகு, எங்களை வரிசையாக நிறுத்தி அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். குடிமக்களின் அட்டை இளஞ்சிவப்பு. நிரந்தரவாசிகளின் அட்டை நீலம். ஒவ்வொருவராக மேசை மேல் வைத்தபோது இளஞ்சிவப்பு அடுக்கு ஒன்று உயர்ந்துகொண்டே போயிற்று. என் நீல அட்டை அதன் நடுவே எட்டிப் பார்த்தது. எனக்குப் பின்னால் நின்றவன் அதைப் பார்த்துவிட்டான் என்பது என் முதுகுக்குத் தெரிந்தது. அடையாள அட்டைக்குப் பதிலாக எல்லோருக்கும் ‘லெவன் பி’ என்று அழைக்கப்படும் ராணுவ அட்டை ஒன்றே போல வந்தது. அடுத்த ஒன்றரை மணி நேரத்தில் தலைமுடியும் போயிற்று. எங்களில் ஒரு சீக்கிய இளைஞன் மட்டும் தலைப்பாகையோடும் தாடியோடும் இருந்தான். அதற்கு அனுமதி உண்டு. மழித்த தலையைத் தடவிக்கொண்டு கண்ணாடியில் பார்த்த மற்ற நாங்கள் எல்லோரும் ஏதோ ஒரு கோயிலில் வேண்டுதல் நிறைவேற்றியவர்களைப் போல இருந்தோம்.

எங்கள் பங்க்கில், அதாவது நாங்கள் தங்கிய அறையில், பதினான்கு கட்டில்கள். பெயர்களை இங்கே எழுதப் போவதில்லை. அங்கேயும் முதல் வாரம் யாருக்கும் பெயர் இருக்கவில்லை, நான்கு இலக்க எண்தான். அதன் கடைசி இரண்டு இலக்கம் கட்டிலைக் குறிக்கும். நான் பத்தாம் கட்டில். மூன்றாம் கட்டிலில் இருந்தவன் பெயர்பெற்ற பள்ளியில் படித்த, வீட்டில் ஆங்கிலம் மட்டுமே பேசும் சீன இளைஞன். தனி வீடு, பணிப்பெண், நாய் என்று வளர்ந்தவன். ஏழாம் கட்டிலில் இருந்தவன் பன்னிரண்டு வயதில் சீனாவிலிருந்து வந்தவன், என்னைப் போலவே நீல அட்டை. ஒன்பதாம் கட்டில் மலாய் இளைஞன், ஐந்து வேளைத் தொழுகையும் தவறாதவன். பதினோராம் கட்டில், தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் படித்துவிட்டு, அப்பாவுடன் மோட்டார் சைக்கிள் பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தவன். ஹோக்கியனில் திட்டத் தொடங்கினால் மூச்சு விட மாட்டான். பதினான்காம் கட்டிலில் ஒரு தமிழன். தாத்தா காலத்திலிருந்து இங்கேயே இருக்கும் குடும்பம்.

அந்தப் பதினான்காம் கட்டில்காரனோடுதான் நான் உடனே ஒட்டிக்கொள்வேன் என்று எல்லோரும் நினைத்தார்கள், நானும் நினைத்தேன். நடந்தது வேறு. அவனுடைய தமிழில் பாதி மலாய்ச் சொற்கள் கலந்திருந்தன. நான் வீட்டில் பேசும் தஞ்சாவூர்த் தமிழ் அவனுக்குத் தொலைக்காட்சித் தொடர் போலக் கேட்டது. முதல் நாள் இரவு, “நீங்க எந்தப் பள்ளி?” என்று நான் கேட்டதற்கு, “என்னடா மரியாதையெல்லாம், நீ ஊர்க்காரனா?” என்றான். அதில் கேலியும் இருந்தது, ஒரு கணக்கும் இருந்தது. அவனுடைய தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்கிச் சம்பாதித்த இடத்தை, விமானத்தில் வந்து இறங்கியவர்கள் கணினி வேலையால் பிடித்துக்கொண்டார்கள் என்ற எண்ணம் அவனுக்கு வீட்டிலேயே ஊட்டப்பட்டிருந்தது. உள்ளூர்த் தமிழர்களைப் பற்றி எங்கள் வீட்டு வரவேற்பறையில் பேசப்பட்டவையும் அவ்வளவு அழகானவை அல்ல. ஆக, ஒரே மொழி பேசும் நாங்கள் இருவரும் அந்த அறையில் மிகத் தொலைவில் இருந்தோம்.

எங்களை முதலில் சிரிக்கவைத்தது மலாய் மொழி. சிங்கப்பூர் ராணுவத்தில் அணிவகுப்புக் கட்டளைகள் எல்லாம் தேசிய மொழியான மலாயில்தான் வரும், பாடங்கள் ஆங்கிலத்தில், கோபம் எந்த மொழியில் வேண்டுமானாலும். நேராக நில் என்பதற்கான கட்டளை ‘செடியா’. மூன்றாம் நாள் காலை, வியர்வை கண்ணில் வழிய, ஐம்பது பேர் அசையாமல் நிற்கும் வேளையில், சார்ஜண்ட் தொண்டை கிழிய “செடி...யா!” என்று கத்தினார். பின்வரிசையிலிருந்து மிகவும் தாழ்ந்த குரலில், தமிழில், “இல்லை சார், மரம்” என்று பதில் வந்தது. எனக்கு மட்டுந்தான் புரிந்தது. எனக்கு மட்டுந்தான் சிரிப்பு வந்தது. தண்டால் எடுத்ததும் நான் மட்டுந்தான். இருபது எண்ணி முடித்து எழுந்தபோது பதினான்காம் கட்டில்காரன் முகத்தில் எந்த அசைவும் இல்லை. அன்று மாலை அவன் தன் பிஸ்கட் பொட்டலம் ஒன்றை என் கட்டிலில் போட்டுவிட்டுப் போனான்.

அக்கா கேட்ட சாப்பாட்டுக்கு வருகிறேன். உணவுக்கூடத்தில் முஸ்லிம்களுக்குத் தனி வரிசை, மற்றவர்களுக்குத் தனி வரிசை, சைவர்களுக்கும் தனியாக உண்டு. காட்டுக்குப் போகும்போது கொடுக்கும் உறையிட்ட உணவிலும் சைவம் இருக்கிறது. சுவையைப் பற்றிப் பேச வேண்டாம். முதல் வாரம் ஒவ்வொருவரும் தம் வரிசையில் வாங்கித் தம் ஆட்களோடு உட்கார்ந்தோம். இரண்டாவது வாரத்தில், சாப்பிடக் கிடைக்கும் நேரம் மிகவும் குறைவு என்பதால், எங்கே இடம் காலியாக இருக்கிறதோ அங்கே உட்காரத் தொடங்கினோம். நல்லிணக்கம் என்று பிறகு பலரும் பாராட்டிய காட்சிக்கு உண்மையான காரணம் நேரமின்மைதான்.

இளைஞர்களின் வேறுபாடு எங்கே தெரிகிறது என்றால், பேச்சில் தெரிவதைவிடக் கையில் அதிகமாகத் தெரிகிறது. மூன்றாம் கட்டில்காரனுக்குத் துடைப்பத்தை எப்படிப் பிடிப்பது என்று தெரியாது. அவன் அதைப் பெருக்குவதற்குப் பதிலாகத் தள்ளிக்கொண்டு போனான். குப்பை அவனுக்கு முன்னால் ஊர்வலம் போயிற்று. எனக்கும் ஒன்றும் தெரியாது. என் சட்டைப் பொத்தானைக்கூட அம்மாதான் தைப்பார். பதினோராம் கட்டில்காரனோ படுக்கை விரிப்பை இரண்டு இழுப்பில் மேசை போல் ஆக்கிவிடுவான். அப்போதெல்லாம் படமெடுக்கும் கைப்பேசிகளுக்கு முகாமில் அனுமதி இல்லை. அதனால் பணக்காரப் பிள்ளைகளும் பழைய பொத்தான் கைப்பேசிகளை வாங்கி வந்திருந்தார்கள். அதில் ஒன்று முதல் வாரமே கெட்டுப்போனது. அம்மாவிடம் பேச முடியாமல் மூன்றாம் கட்டில்காரன் கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தான். பதினோராம் கட்டில்காரன் அதை வாங்கி, மின்கலத்தைக் கழற்றி, அதன் செம்புத் தகடுகளைச் சட்டை நுனியால் துடைத்து, வாயால் ஊதி மாட்டிக் கொடுத்தான். “பள்ளியில் இதெல்லாம் சொல்லித் தரமாட்டார்களா?” என்று கேட்டான். அதில் கேலி இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான்.

‘பட்டி’ என்று எல்லோரும் சொல்லும் ஜோடி முறையில் அவன்தான் எனக்குத் துணை. ஜோடியில் ஒருவன் தாமதித்தால் இருவரும் தாமதம். ஒருவனுடைய துப்பாக்கி அழுக்கென்றால் இருவரும் பதில் சொல்ல வேண்டும். எங்களுக்குத் தந்தது எஸ்ஏஆர்-21, சிங்கப்பூரிலேயே வடிவமைத்துச் செய்யப்பட்ட துப்பாக்கி. எடை நான்கு கிலோவுக்குச் சற்றுக் குறைவு, தோட்டாக்களை அடைக்கும் பெட்டி கைப்பிடிக்குப் பின்னால் இருக்கும். அதைக் கழற்றிப் பூட்டும் பாடத்தை நான் குறிப்பேட்டில் அம்புக்குறி போட்டு எழுதி மனப்பாடம் செய்தேன். அவன் ஒரு தடவை பார்த்தான், அவ்வளவுதான். இரவில் விளக்கணைந்த பின், என் கையைப் பிடித்து, எந்த இடத்தில் அழுத்தினால் எது வெளியே வரும் என்பதைத் தொட்டுக் காட்டிப் பழக்கினான். “கண்ணால் பார்க்காதே, விரலால் பார்” என்றான். பதிலுக்கு நான் அவனுக்கு எழுத்துத் தேர்வுகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். தேர்வுத் தாளைப் பார்த்தவுடன் அவனுடைய கை நடுங்கியதை, கையெறிகுண்டு வீசும் நாளில்கூட நான் பார்க்கவில்லை.

இனி ஏழாம் கட்டில். சீனாவிலிருந்து வந்தவனை மற்றச் சீனப் பிள்ளைகளே அதிகம் வாட்டினார்கள். அவனுடைய ஆங்கில உச்சரிப்பைத் திருப்பிச் சொல்லிச் சிரிப்பார்கள்; வேலைகளைத் தட்டிவிட்டு, “உங்கள் நாட்டில் இதெல்லாம் பழக்கந்தானே” என்பார்கள். இதில் முன்னணியில் நின்றவன் மூன்றாம் கட்டில்காரன். நான் பேசாமல் இருந்தேன். அவன்மேல் விழும் கண் என்மேல் விழாதவரை எனக்கு நல்லது என்ற கணக்கு அது. இத்தனை ஆண்டு கழித்தும் அதை எழுதும்போது கூசுகிறது. ஒருநாள் தூய்மைப் பரிசோதனைக்கு முன்னால், யாரோ அவனுடைய காலணியைச் சேற்றில் தோய்த்து வைத்திருந்தார்கள். அவன் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்து துடைக்கத் தொடங்கினான். ஒன்பதாம் கட்டில் மலாய் இளைஞன் தொழுகை முடித்து வந்து, பாயைச் சுருட்டி வைத்துவிட்டு, மற்றொரு காலணியை எடுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். இருவரும் பேசவில்லை. அறையில் வேறு யாரும் பேசவில்லை. அதன் பிறகு அந்தக் கேலி நின்றுவிடவில்லை. ஆனால் பாதியாகக் குறைந்தது.

ஐந்தாம் வாரமோ ஆறாம் வாரமோ, காட்டுப் பயிற்சி வந்தது. தெக்கோங் காட்டுக்குள் ஆறு நாள். குளியல் இல்லை, உடம்பெங்கும் பவுடர் கொட்டிக்கொள்வதுதான் குளியல். மண்ணில் ஆள் படுத்தால் மறையும் அளவுக்குக் குழி தோண்ட வேண்டும். தெக்கோங்கின் களிமண் காய்ந்திருந்தால் கல், நனைந்திருந்தால் பசை. என் குழியை இரவு பத்து மணி வரை தோண்டினேன். அரை மணி நேரத்தில் மழை வந்து அதைக் குளமாக்கியது. துப்பாக்கியின் வாரை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு, தொடை வரை தண்ணீரில் உட்கார்ந்திருந்தபோது, மாமா தொலைபேசியில் கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது. அதற்குச் சரியான பதில் எனக்கு அப்போதும் தெரியவில்லை.

நான்காம் நாள் மாலை எங்களை வட்டமாக உட்காரவைத்து, சார்ஜண்ட் ஒரு பிளாஸ்டிக் பையிலிருந்து உறைகளை எடுத்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். எண்ணால் இல்லை, பெயரால். எங்களுக்குத் தெரியாமலேயே வீட்டாரிடம் கேட்டு வாங்கி வைத்திருந்த கடிதங்கள். அப்பா எனக்கு அதுவரை கடிதம் எழுதியதே இல்லை. அரைப் பக்கம், தமிழில், அலுவலகப் பேனாவில் எழுதியிருந்தார். அதில் கடைசி வரி: “நான் கையெழுத்துப் போட்டதற்கு நீ போய்ச் சேவை செய்கிறாய் என்ற எண்ணம் எனக்கு எப்போதும் உண்டு.” அதற்கு மேல் அதைப் பற்றி அவரும் நானும் இன்றுவரை பேசியதில்லை.

சுற்றிலும் பிள்ளைகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். அழுகையை மறைக்க முகத்தில் பூசிய பச்சைச் சாயம் நன்றாக உதவியது. மூன்றாம் கட்டில்காரன் மட்டும் தன் கடிதத்தை வைத்துக்கொண்டு விழித்துக்கொண்டிருந்தான். அவனை வளர்த்தவர் அவனுடைய பாட்டி. கடிதம் அவர் எழுதியது. முழுவதும் சீன எழுத்தில், மேலிருந்து கீழாக, பழைய பாணியில். பன்னிரண்டு ஆண்டு பள்ளியில் சீனம் படித்தவன், தேர்வுக்கு வேண்டிய அளவு படித்துவிட்டு அன்றே மறந்தவன், பாட்டியின் கையெழுத்தில் நாலு வரிக்கு மேல் போக முடியாமல் நின்றான். பக்கத்திலிருந்த இரண்டு பேரிடம் நீட்டினான், அவர்களுக்கும் வரவில்லை. கொஞ்ச நேரம் தாளை மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தான். பிறகு எழுந்து, வட்டத்தின் அந்தப் பக்கம் போய், ஏழாம் கட்டில்காரனின் முன்னால் குந்தினான்.

ஏழாம் கட்டில்காரன் அவனை ஒரு பார்வை பார்த்தான். தன் கடிதத்தை மடித்துப் பையில் வைத்தான். சிவப்புத் தாள் ஒட்டிய டார்ச்சை அவனிடம் பிடிக்கக் கொடுத்துவிட்டு, வாசிக்கத் தொடங்கினான். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால் ஒரு வரியை வாசித்துவிட்டு அவன் நிறுத்தியதும், அதை எளிமையான சீனத்தில் சொல்லிப் பார்த்ததும், அதுவும் புரியாமல் போகவே, இவர்கள் எல்லோரும் கேலி செய்த அதே ஆங்கிலத்தில் தேடித் தேடிச் சொன்னதும் கேட்டது. “பாட்டி சொல்கிறார்... உன் நாய்... தினமும் வாசலில்... இல்லை, வாசலைப் பார்த்து உட்காருகிறது.” அந்த உச்சரிப்பைக் கேட்டு யாரும் சிரிக்கவில்லை. டார்ச் வெளிச்சம் ஆடிக்கொண்டே இருந்தது. பிடித்திருந்தவனின் கை ஆடியிருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு அவர்கள் உற்ற நண்பர்களாகிவிட்டார்கள் என்று எழுதினால் படிப்பதற்கு நன்றாக இருக்கும். அப்படியெல்லாம் இல்லை. ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், அவ்வளவுதான்.

பயிற்சியின் கடைசிப் பகுதியில் ஒருவரைப் பற்றி ஒருவர் மதிப்பீடு எழுதும் படிவம் ஒன்று தந்தார்கள். பிரிவில் உள்ளவர்களைத் தலைமைப் பண்பின்படி வரிசைப்படுத்த வேண்டும். நான் பதினோராம் கட்டில்காரனை முதலில் எழுதினேன். பெரும்பாலோர் அப்படித்தான் எழுதியதாகச் சொன்னார்கள். அதையடுத்து வந்தது 24 கிலோமீட்டர் நடை. நான்கு, எட்டு, பன்னிரண்டு, பதினாறு என்று ஏற்றிக்கொண்டே வந்து, முழு மூட்டையோடு இரவெல்லாம் நடந்து, விடியும்போது மரினா பே மிதக்கும் மேடையில் முடிப்பது. பதினெட்டாவது கிலோமீட்டரில் என் இடது குதிகால் தோல் முழுவதும் கழன்றுவிட்டது. பதினான்காம் கட்டில்காரன் பின்னாலிருந்து மூட்டையை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி, “செடியா? மரமா? செடியா? மரமா?” என்று அடிக்கு அடி தாளம் போட்டுக்கொண்டே வந்தான். மேடையில் தொப்பிகளை வானில் எறிந்த பின், பார்வையாளர் பகுதியிலிருந்து இறங்கி வந்த அவனுடைய அம்மாவும் என் அம்மாவும், எந்த ஊர், என்ன கோயில் என்று பேசத் தொடங்கிப் பத்து நிமிடம் எங்களை மறந்துவிட்டார்கள்.

சேவை எல்லோரையும் சமமாக்கும் என்று சொல்பவர்களிடம் நான் சண்டைக்குப் போவதில்லை. ஆனால் ஒப்புக்கொள்வதும் இல்லை. ஒன்பது வாரம் நாங்கள் ஒரே அறையில் இருந்தோம். பத்தாவது வாரம் பணியிடப் பட்டியல் வந்தது. மூன்றாம் கட்டில்காரன் அதிகாரிகள் பயிற்சிப் பள்ளிக்குப் போனான். நான் சார்ஜண்ட் ஆவதற்கான பயிற்சிக்குப் போனேன். பதினோராம் கட்டில்காரன், நாங்கள் எல்லோரும் முதலில் எழுதிய அவன், லாரி ஓட்டப் போனான். அவனுக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை. வண்டி பிடிக்கும் என்றான். வருத்தப்பட்டது நான்தான், அதிலும் எவ்வளவு பங்கு குற்ற உணர்ச்சி என்று எனக்குத் தெரியாது. முழுநேரச் சேவை முடிந்த பிறகும் ஆண்டுக்கு ஒருமுறை படைப்பிரிவுப் பயிற்சிக்குப் போகும்போது, வாசலில் வந்து நிற்கும் லாரிகளின் ஓட்டுநர் இருக்கையை இன்னும் எட்டிப் பார்க்கிறேன். ஒருமுறை பார்த்தேன், பட்டறை இப்போது அவனுடையது, இரண்டு பேர் வேலை செய்கிறார்கள் என்றான். என் மோட்டார் சைக்கிளுக்கு அவன்தான் எண்ணெய் மாற்றுகிறான். பேரம் பேசினால் ஹோக்கியனில் திட்டுகிறான்.

நேற்று மாலை ஆறாம் மாடிக்குப் போய் அந்தத் தம்பியைப் பார்த்தேன். ஸிப்லாக் பைகள், பாதத்துக்குப் பவுடர், கூடுதலாக இரண்டு ஜோடிக் காலுறை என்று எழுதிக் கொடுத்தேன். தட்டைக் கழுவுவதை அங்கே அவர்களே பழக்கிவிடுவார்கள் என்றேன். அவன் காதில் எதையோ மாட்டிக்கொண்டு தலையாட்டினான். வெளியே வந்தபோது அக்கா வாசல் வரை வந்தார். “எங்கள் காலத்தில் வீட்டிலிருந்து கடிதம் கேட்டு வாங்கினார்கள். உங்களிடமும் கேட்கலாம்; கேட்டால் அவனிடம் முன்னதாகச் சொல்லிவிடாதீர்கள்” என்றேன்.

“எனக்கு ஆங்கிலத்தில் எழுத வராதே தம்பி. அவனுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும்.”

“தமிழிலேயே எழுதுங்கள் அக்கா” என்றேன். “கொஞ்சம் பெரிய எழுத்தாக எழுதுங்கள். அங்கே வெளிச்சம் சிவப்பாக, மங்கலாக இருக்கும்.”